பொன்வயலின் பேரேட்டில் இல்லாத பெயர்கள்

மாரண்டஹள்ளியிலிருந்து வடக்கு வடகிழக்காக நேர்க்கோடு ஒன்றை இழுத்தால், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவில் அக்கோடு கோலார் தங்கவயலைத் தொடும். இடையில் மாநில எல்லை ஒன்று கிடக்கின்றது. ஆயினும் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் ஊரிகத்திலும் தெருவில் இறங்கி நடப்போரின் செவியில் விழுவது பெரும்பாலும் தமிழே. கன்னட நாட்டின் கீழ்க்கோடியில் தமிழ் பேசும் பெருநகரொன்று எங்ஙனம் எழுந்தது என்று வினவினால், அவ்விடை நம்முடைய பழைய சேலம் மாவட்டத்தையும் வட ஆர்க்காட்டையும் நோக்கி நம்மை அழைத்து வந்துவிடும்.

நம் இளைஞர்கள் இன்று கோலாரை அறிந்திருப்பது திரைப்படங்களின் வாயிலாக. 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்', 2024இல் வந்த 'தங்கலான்' ஆகியவற்றைக் கண்ட பிறகே பலர் அவ்வூரைப் பற்றி வினவத் தொடங்கினர். வினவியது நன்றே. ஆனால் அங்கு நிகழ்ந்தவற்றை ஓரளவேனும் அறிய விழைவோர் திரையை விட்டுப் பேரேடுகளின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

நூற்றிருபது ஆண்டுகளில் அச்சுரங்கங்கள் ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்தன. அதன் ஒவ்வொரு கட்டியும் நிறுத்து, எண்ணிட்டு, கையொப்பமிட்டு அனுப்பப்பட்டது. இலண்டனில் பங்குதாரருக்கு எத்தனை விழுக்காடு, மைசூர் அரசுக்கு உரிமைத் தொகை எவ்வளவு என்பனவற்றுக்கெல்லாம் வழுவாத கணக்கு உண்டு. அப்பொன்னை அறுத்தெடுத்தோர் எத்தனை பேர், அவர் பெயர் என்ன, எவ்வூரார், எவ்வாறு மாண்டனர் என்று கேட்டால் மட்டும் பேரேடு திக்குகின்றது. சுரங்க வரலாற்றை எழுதுவோர் பலரும் பொன்னின் கணக்கையே எழுதிச் செல்கின்றனர். நாம் இங்கு மற்றக் கணக்கைச் சற்றே புரட்டிப் பார்க்க விரும்புகின்றோம்.

1802இல் மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, இப்பகுதியின் மண்ணில் பொன் இருப்பதாகக் கேள்வியுற்றுப் பரிசு அறிவித்தார். ஊர் மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே கழுவிப் பொற்றுகள்களைக் காட்டினர். மாரிக்குப்பத்தில் மக்கள் நிலத்தடியில் இறங்கிக் கல்லை உடைப்பதையும், கூடைகளில் அது கைமாறி மேலே வருவதையும், பெண்கள் அதனைப் பாறைமீது இடித்துத் தூளாக்கிக் கழுவுவதையும் அவர் எழுதி வைத்தார். எனவே வெள்ளையர் வந்துதான் கோலாரில் பொன் கண்டனர் என்பது உண்மையன்று. அங்கே பொன் எடுக்கத் தெரிந்த ஏழைகள் முன்னரே இருந்தனர். பிற்காலத்தில், உயிர்ச்சேதம் நேர்கிறதென்று காரணம் காட்டி அவர்கள் நிலத்தடியில் இறங்குவது தடுக்கப்பட்டது. அதே நிலத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை மனிதரை இறக்கும் நாள் வெகு தொலைவில் இல்லை.

நியூசிலாந்துப் போரில் பணியாற்றிப் பெங்களூரில் வந்து குடியமர்ந்த மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர், வாரனின் பழைய குறிப்பைப் படித்துவிட்டு 1873இல் சுரங்க உரிமை வேண்டி விண்ணப்பித்தார். பொன் கிடைக்குமென்று அதிகாரிகள் நம்பவில்லை. நிலக்கரி தேடுவதானால் தேடிக்கொள்ளட்டும் என்றே முதலில் எண்ணினர் என்பர். அவர் பொன்னிலேயே பிடிவாதமாயிருந்து 1875இல் உரிமம் பெற்றார். பெற்றும் பயனில்லை, கையிலிருந்த பணம் கரைந்தது. உரிமை கைமாறிக் கைமாறி, 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தாரிடம் வந்து சேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் அவர்களும் நட்டமே கண்டனர். பின்னர்ச் சாம்பியன் என்று பெயரிடப்பட்ட பொன்னிழை அகப்பட்டது. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலாகாட் எனச் சுரங்கங்கள் வரிசையாய் எழுந்தன. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து ஆக்கிய மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பி வழியே வயலை அடைந்தது. அந்நாளில் உலகில் அத்துணை நீளமான மின்பாதைகள் மிக அரிது. ஒகேனக்கல்லில் நாம் காணும் அதே காவிரிநீர், அதற்கு மேலேயே சுரங்கத்தின் இயந்திரங்களை ஓட்டிவிட்டுத்தான் அந்நாளில் நம்மிடம் வந்தது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்ததுகூட அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே.

இனி, ஆட்கள் எங்கிருந்து வந்தனர்? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். சேலம் மாவட்டம் (தருமபுரி 1965வரை அதன் பகுதியாகவே இருந்தது), வட ஆர்க்காடு, கோலார் ஆகியவை அதில் கருகிய பகுதிகள். பஞ்சம் ஓய்ந்து இரண்டே ஆண்டுகளில் சுரங்கம் கை நீட்டியது. நிலமற்றோரும், பண்ணையில் கட்டுண்டு கிடந்தோரும், சாதியின் பெயரால் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோரும் மேஸ்திரிகள் தந்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினர். முன்பணம் என்பது இங்கு முக்கியமான சொல். ஆளைச் சேர்த்தது கம்பெனி அன்று, ஒப்பந்தக்காரர்; கூலி அவர் கையால் வந்தது; கடனைக் கழித்துக்கொண்டு மிச்சம் வந்தது. ஆதலால் கம்பெனியின் ஏட்டில் தொழிலாளி ஒரு தலையாக மட்டுமே நின்றான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய தலைகள் முப்பதாயிரத்துக்கும் மேல்.

ஆயினும் அவர்கள் துயருற்றனர் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது நேர்மையாகாது. ஊரில் பண்ணையாரின் முற்றத்தில் செருப்பின்றி நின்றவர், சுரங்கத்தில் மாதக் கூலியைக் காசாகப் பெற்றார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. அயோத்திதாச பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் உறுதியான கிளை இருந்தது. அவர் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலையார் அங்கிருந்தே வெளியிட்டனர். 'தமிழன்' இதழும் பிற்காலத்தில் அங்கு அச்சேறியது. சாம்பியன் ரீபின் வெற்றி அன்னை ஆலயத்தைச் சூழ்ந்தும் பெரிய தமிழ்க் கத்தோலிக்க சமூகம் ஒன்று வேரூன்றியது. மூங்கில் தட்டியால் வளைத்த குடிசை வரிசைகளில் வாழ்ந்தவர்கள் நூலகமும் சங்கமும் மேடையும் அமைத்துக்கொண்டனர். இருட்டிலிருந்து மேலே வந்தபின் அவர்கள் படித்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

கீழே நடந்தது வேறு. கூண்டு என்று அவர்கள் அழைத்த இரும்புப் பெட்டியில் நின்று இறங்க வேண்டும். ஓர் ஆழத்தில் அதைவிட்டு நடந்து, மற்றொரு கூண்டில் ஏறி மேலும் இறங்க வேண்டும். சாம்பியன் ரீபின் அடித்தளங்கள் மூன்று கிலோமீட்டரையும் கடந்தவை. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 65 பாகையைத் தாண்டும். அங்கு வேலை செய்வதற்காகவே காற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்களைப் பொருத்த நேர்ந்தது. பொன்னிழை ஓடிய வெள்ளைக்கல்லைத் தோண்டியெடுத்த பின், மேலிருக்கும் மலையின் எடை முழுதும் எஞ்சிய பாறைமீது இறங்கும். பாறை ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். காற்று வெடிப்பதாக முதலில் எண்ணியதால் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்ற பெயர் நின்றுவிட்டது. மேலே வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். பெண்கள் அடுப்பை விட்டுவிட்டுச் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவர்.

சுரங்கத்தைப் பற்றி யோபு ஆகமத்தின் 28ஆம் அதிகாரத்தில் வருவதை நம் வாசகர் அறிவர். மனிதர் நடமாட்டமற்ற இடத்தில் குழி வெட்டிக் கயிற்றில் ஊசலாடும் தொழிலாளியை அப்பழம்புலவர் கண்டிருக்க வேண்டும். காணாதவர் அவ்வாறு எழுதியிருக்க இயலாது. விவிலிய விரிவுரையாளர் பலர் அப்பகுதியை ஞானத்தைப் பற்றிய முன்னுரையாக மட்டும் கடந்து போகின்றனர். நாமும் குருமடத்தில் அவ்வாறே பயின்றோம். கோலாரைப் பற்றி அறிந்தபின் அத்தொழிலாளியைத் தாண்டிப் போவது நமக்கு எளிதாயில்லை.

கோலாரை ஆண்ட கம்பெனி இங்கிலாந்திலிருந்து வந்தது. மேற்பார்வையாளரில் பலர் அந்நாட்டின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர். ஆகவே அவர்தம் நாட்டில் சுரங்க மாந்தர் எவ்வாறு எண்ணப்பட்டனர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது முறையே. அங்கும் தொடக்கம் இரக்கமற்றதாகவே இருந்தது. 1838இல் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷைர் பகுதியில், ஹஸ்கர் என்னும் நிலக்கரிக் குழியில் மழைவெள்ளம் புகுந்து 26 சிறுவர் சிறுமியர் மூழ்கி மாண்டனர். நாடு அதிர்ந்தது, விசாரணை நடந்தது, 1842இல் பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில், நீர் இறைக்கும் இயந்திரத்தின் மாபெரும் இரும்பு உத்தரம் முறிந்து, இருந்த ஒரே வாயிலை அடைத்துவிட்டது. 204 ஆண்களும் சிறுவரும் வெளிவர வழியின்றி மாண்டனர். அவ்வாண்டே ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வாயில்கள் வேண்டும் என்ற சட்டம் வந்தது. சட்டம் எப்போதும் பிணங்களுக்குப் பின்னேதான் நடந்தது, ஆயினும் நடந்தது. நமக்கு இங்கு உறுத்துவது இன்னொன்று. ஹஸ்கர் குழந்தைகளின் பெயரும் வயதும் சில்க்ஸ்டோன் ஆலய வளாகத்தில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹார்ட்லியில் மாண்டோரின் பெயர்கள் எர்ஸ்டன் கல்லறைத் தோட்டத்து நினைவுத்தூணில் இன்றும் நிற்கின்றன. அங்கும் ஏழைகள் ஏழைகளாகவே மாண்டனர். ஆனால் பெயரோடு மாண்டனர்.

கோலாரில் பெருவிபத்துகள் செய்தியாயின. ஆனால் மிகப் பலரைக் கொன்றது விபத்தன்று, தூசி. பொன்னிழை ஓடும் கல் பளிங்கு இனத்தது. அதைத் துளைக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல அதைக் கல்லாக்கும். அந்நோயைச் சிலிக்கோசிஸ் என்பர். பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தவன் படியேற முடியாமல் மூச்சு வாங்குவான். அதனோடு காசநோயும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். சுரங்கம் தொடங்கி அறுபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் கழித்து, 1947இல்தான் கோலாரின் சிலிக்கோசிஸ் முறையாக வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அந்நோய் பதிவானது அதுவே முதல்முறை. ஆராயப்பட்ட 7653 தொழிலாளரில் நூற்றுக்கு 43.7 பேர் நோயுற்றிருந்தனர். அந்த எண்ணை இரண்டாம் முறையும் படிக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். அதற்கு முந்திய இரண்டு தலைமுறைகள் எண்ணப்படாமலே ஊர் திரும்பின. நோயுற்றவன் வேலைக்கு ஆகான். ஆகாதவன் வீட்டுவரிசையில் தங்க இயலாது. எனவே அவன் திருப்பத்தூர்ப் பக்கமோ கிருஷ்ணகிரிப் பக்கமோ வந்து சாவான். அவன் சாவு கம்பெனியின் கணக்கில் ஏறாது. நம் வட்டாரத்து முதியோர், இருமி இருமி இறந்த பாட்டன்மாரைப் பற்றிச் சொல்லும்போது அதனை இருமல் என்றே சொல்கின்றனர். சுரங்கம் என்று சொல்வதில்லை.

தொழிலாளியைக் கம்பெனி எண்ணவே இல்லை என்றும் கூறலாகாது. ஒரு வகையில் மிகக் கவனமாக எண்ணியது. பொன்னைத் திருடுவான் என்ற ஐயத்தால் அவனைக் கண்காணித்தது. கையில் எண் பொறித்த வளையம் அணிவித்தது. பின்னர் ஒவ்வொருவனும் கைரேகை தந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. குற்றவாளிகளை அடையாளங்காண வழிவகுத்த பெர்ட்டில்லோன் என்ற பிரெஞ்சுக் காவல் அதிகாரியின் பெயரைத்தான் அப்பதிவுப் பிரிவுக்கு இட்டிருந்தனர். 1930இல் தொழிலாளர் மறுத்தெழுந்தனர். அப்போது அங்குத் தொழிற்சங்கம் என ஒன்று இல்லை. எழுத்தறியாதோர் பெரும்பாலோர். இருந்தும் இருபத்தொரு நாள் சுரங்கங்கள் அடங்கிக் கிடந்தன. கூலி உயர்வும் அவர்கள் கேட்டதுண்டு; ஆனால் பொறியைத் தட்டியது அந்தக் கைரேகையே. தம்மைத் திருடராக எண்ணும் ஏட்டில் ஏற அவர்கள் மறுத்தனர். இதை மானப் போராட்டம் என்றே நாம் கொள்கின்றோம். 1946இல் மீண்டும் நெடிய வேலைநிறுத்தம் நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 4 அன்று காவல்துறையின் தாக்குதலில் ஆறு தொழிலாளர் உயிர் நீத்தனர்.

தொழிலாளர் நிலை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டது 1891இல். கோலாரில் சுரங்கங்கள் செழிக்கத் தொடங்கிய ஆண்டுகள் அவை. நியாயக் கூலியும் சங்கம் சேரும் உரிமையும் அதில் தெளிவாய்ப் பேசப்பட்டிருந்தன. அம்மடல் ஐரோப்பாவின் ஆலைகளை எட்டிய விரைவில் மாரிக்குப்பத்தின் குடிசைகளை எட்டவில்லை.

விடுதலைக்குப்பின் 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. ஒப்பந்தக்காரர் ஒழிந்தனர், மருத்துவம், ஓய்வூதியம், நிலையான வேலை ஆகியன வந்தன. முதிய தொழிலாளர் நன்றியோடு நினைப்பது இக்காலத்தையே. ஆனால் பூமி தளர்ந்துவிட்டிருந்தது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேலும் கிடைத்த பொன், இறுதியில் மூன்று நான்கு கிராமாய்த் தேய்ந்தது. எடுத்த பொன்னையும் உள்நாட்டுச் சந்தை விலைக்குக் குறைவான பன்னாட்டு விலையில் அரசு எடுத்துக்கொண்ட ஆண்டுகள் உண்டு. நட்டக் கணக்கு எழுதும்போது அதனையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே நாளில் வேலையிழந்தன. சங்கு ஊதுவது நின்றது. நேரம் தெரியாமல் ஊர் திகைத்தது என்பர். நீர் இறைப்பதும் நின்றதால் ஆழங்கள் மெல்ல நீரில் மூழ்கின.

அச்சுரங்கம் அறிவியலுக்குத் தந்த ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். 1965இல் சாம்பியன் ரீபின் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு இணைந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டனர். தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றிலும் அதே காலத்தில் அது அறியப்பட்டது. டர்ஹாம், வட இங்கிலாந்தின் நிலக்கரி நாட்டின் நடுவிலுள்ள நகர். அந்நகரில் 1871 முதல் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா நடந்து வருகின்றது. ஒவ்வொரு குழியின் தொழிலாளரும் தத்தம் பதாகையை ஏந்தி ஊர்வலம் வருவர். அவற்றுள் சில பேராலயத்துள் கொண்டுசெல்லப்பட்டு மந்திரிக்கப்படும். அப்பகுதியின் நிலக்கரிக் குழிகள் 1993ஆம் ஆண்டையொட்டி மூடப்பட்டுவிட்டன. பிரித்தானியாவின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லியும் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. குழி மூடியபின்னும் பதாகை வருகின்றது. நம் கோலார்த் தொழிலாளருக்கு அத்தகைய பதாகை ஒன்றும் இல்லை.

நாம் அங்குச் சென்றபோது முதலில் கண்ணில் பட்டவை ஆலயமோ சுரங்கக் கோபுரமோ அல்ல, வெளிறிய மண்மேடுகள். கல்லை மாவாக அரைத்து, சயனைடு நீரில் பொன்னைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய சக்கை அது. மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கின்றது. காற்றடிக்கும் மாதங்களில் அத்தூள் வீடுகளுக்குள்ளும் நீர்க்குடங்களுக்குள்ளும் வந்து விழுகின்றது. சுரங்கத்தில் இறங்காத பேரப்பிள்ளைகளும் அதையே சுவாசிக்கின்றனர். விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் நின்றுகொண்டே வேலைக்குப் போகின்றனர். அம்மேடுகளில் இன்னும் பொன் எஞ்சியிருக்கின்றது என்பதால், அவற்றை மீண்டும் சலித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. எந்த மேட்டில் எத்தனை கிராம் என்று வல்லுநர் முன்னரே அளந்துவிட்டனர்.

மற்றக் கணக்கை யார் எடுப்பது? அரசு எடுக்குமென்று காத்திராமல், நம்மிடம் உள்ள ஏடுகளிலிருந்து தொடங்கலாம் என்று நமக்குத் தோன்றுகின்றது. ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். கம்பெனி தலையாக மட்டும் எண்ணியவனைப் பங்குக் குரு பெயர், தந்தை பெயர், வயது, நாள் என எழுதியாக வேண்டியிருந்தது. பழைய ஏடுகள் பல இலத்தீனில், மறைபரப்பாளரின் சாய்ந்த கையெழுத்தில் உள்ளன. ஊர்ப் பெயர்கள் ஐரோப்பியர் நாவில் நசுங்கியிருக்கும். பொறுமையோடு படித்தால் விளங்கும். தங்கவயலின் பங்குகளிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர்ப் பகுதிகளின் பழைய பங்குகளிலும் உள்ள இறப்பு ஏடுகளை ஒப்புநோக்கினால், சென்றவர் யார், திரும்பியவர் யார், எவ்வயதில் இறந்தவர் யார் என்பது ஓரளவேனும் துலங்கும். மற்றச் சமயத்தாருக்கு ஏடுகள் இராவிடினும் குடும்ப நினைவு உண்டு. அவர்களையும் கேட்டு எழுத வேண்டும்.

இவ்விதழை வாசிப்போரின் இல்லங்களில் எண் பொறித்த கைவளையமோ, கூலிச் சீட்டோ, சுரங்க மருத்துவமனையின் அட்டையோ பெட்டியின் அடியில் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். யாருடையது, எந்த ஊரார், எந்தச் சுரங்கம் என்பதை அறிந்த முதியவர் வீட்டில் இன்னும் இருப்பாராயின், இந்த வாரமே அவரருகில் அமர்ந்து எழுதி, உங்கள் பங்குக் குருவிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள். பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பகுதிப் பெயர்களை நாம் ஒரு நோட்டில் தொகுக்கத் தொடங்கியுள்ளோம். இதுவரை பதினோரு பெயர்கள் சேர்ந்துள்ளன.